இருபது பேருக்குப் பாடியதை அனுப்பு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சரியில்லை. பர்மிங்ஹாமில் வாசித்ததைக் கேட்க இருபது பேர்தான் வந்தார்கள், இனிமேல் கிதாரைத் தொடப்போவதில்லை என்றாய். எனக்கு அப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. இரண்டு நாளாக மனதில் ஓடுவதை எழுதுகிறேன்.

ரிச்சர்ட் தாம்சனை ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் நான் புல்லட்டைத் துடைக்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்குமே, 1952-ம் வருடத்து வின்சென்ட் பிளாக் லைட்னிங் வண்டியைப் பற்றிய பாட்டு, அது அவருடையதுதான். வண்டிக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். வாசிப்பது இரண்டு பேர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரே ஆள், ஒரே கிதார்! கம்பியை மீட்டும் சின்ன வில்லை, அந்தப் பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தடித்த கம்பிகளை அடித்தபடியே, மற்ற விரல்களால் மெல்லிய கம்பிகளைச் சுண்டிக்கொண்டே போவார், அதற்கு மேல் பாடவும் செய்வார்.

அவருடைய பெரிய துக்கம் நீ இருக்கும் ஊரிலிருந்து திரும்பும் வழியில்தான் நடந்தது. 1969 மே மாதம், அவர் கிதார் வாசித்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு பர்மிங்ஹாமில் வாசித்துவிட்டு லண்டனுக்குத் திரும்பும்போது எம்-1 நெடுஞ்சாலையில் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளுக்கு 19 வயதுதான். அவரும் தாம்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துபோனார்கள். தாம்சனுக்கு அப்போது 20. அந்த வருடம் முடிவதற்குள், பழைய நாட்டுப்பாடல்களை எலெக்ட்ரிக் கிதாரோடு சேர்த்து 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் 1972-ல் தனியாகப் போட்ட முதல் ஆல்பம் விற்கவே இல்லை. மனைவி லிண்டாவோடு சேர்ந்து செய்த ஆல்பங்களில் 1982-ல் வந்த 'ஷூட் அவுட் த லைட்ஸ்' கடைசி. கல்யாணம் முறிந்துகொண்டிருக்கும்போதே இருவரும் ஒரே மேடையில் நின்று அமெரிக்கா முழுக்கப் பாடினார்கள். நான் சொன்ன வண்டிப் பாட்டு வெளிவந்தது 1991-ல், அவருக்கு 42 வயதில். இன்றைக்கு எங்கே போனாலும் ஜனங்கள் கேட்பது அதைத்தான், ஆனால் அது எந்த ஹிட் பட்டியலிலும் மேலே போன பாட்டு இல்லை. 2024-ல், 75 வயதில், 'ஷிப் டு ஷோர்' என்று இன்னொரு ஆல்பம்!

கூட்டம் குறைவாக வந்த ராத்திரிகள் அவருக்கும் எத்தனையோ இருந்திருக்கும். உனக்கு 28-தான் ஆகிறது, இதை உன்னிடம் கோபமாகச் சொல்லவில்லை.

சரி, அந்த இருபது பேருக்கு நீ பாடியதை யாராவது போனில் பதிவு செய்திருப்பார்கள். சத்தம் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பு. நானும் அம்மாவும் கேட்க வேண்டும்.

அப்பா