அலமாரியிலிருந்து எடுப்பதற்கு முன் காரணத்தை எழுதுங்கள்: மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைக்குழுத் தலைவர்களுக்கும் மாவட்ட நூலக அலுவலர்களுக்கும் வணக்கம்.

நூலகத்தில் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி யாராவது வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்து, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பும்படி கேட்கவே இந்த மடல்.

ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பது, நாளிதழ் அடுக்குவது, இரவல் பதிவது எல்லாம் அவர் வேலை. அவர் முன்னால் நாலு பேர் வந்து, “இது எங்க சாதியைக் கேவலப்படுத்துற புத்தகம், இங்க இருக்கக் கூடாது” என்று குரலை உயர்த்தினால் அவர் என்ன செய்வார்? புத்தகம் பீரோவுக்குள் போய்விடும். பதிவேட்டில் பெயர் இருக்கும். கேட்டால் “வெளியே போயிருக்கு” என்று பதில் வரும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “விதி இதுதான், புகாரை எழுதிக் கொடுங்கள்” என்று காட்ட அவர் கையில் ஒரு சுற்றறிக்கை இருந்தால்தான் அவரால் நிமிர்ந்து பேச முடியும்.

நமக்கு நெருங்கிய வழக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். இராமாயணம் குறித்துப் பெரியார் எழுதிய நூலை இந்தியில் வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அந்த நூலைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அவர் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார், வென்றார். அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976இல், நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். நூல் நல்லதா கெட்டதா என்பதை வைத்து அந்தத் தீர்ப்பு வரவில்லை. எந்தக் காரணத்தால் பறிமுதல் செய்கிறோம் என்பதை அரசு தன் ஆணையில் சொல்லவில்லை. அதனாலேயே ஆணை நிற்கவில்லை. ஒரு மாநில அரசே காரணம் எழுதாமல் புத்தகத்தைத் தொட முடியாது என்றால், ஒரு கிளை நூலகத்தில் வாய்வார்த்தையாக வந்த மிரட்டலுக்கு எப்படி அந்த அதிகாரம் வரும்?

இன்றும் சட்டம் அதையே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவுப்படி பறிமுதல் ஆணையில் காரணங்கள் இருக்க வேண்டும்; அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் உள்துறை 25 நூல்களைத் தடைசெய்தது இந்தப் பிரிவின்கீழ்தான். காவலர்கள் புத்தகக் கடைகளில் சோதனை நடத்தினார்கள். அந்தத் தடை அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அங்கே எதிர்த்து வழக்காட ஓர் ஆணையாவது இருக்கிறது. சத்தமில்லாமல் பீரோவுக்குள் போன புத்தகத்துக்கு யார் மீது வழக்குப் போடுவது?

நம் ஊரில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில், ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகன் மன்னிப்புக் கேட்கவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ளும்படி ஆனது. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒன்றரை ஆண்டை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்?

சாதியைத் தாங்கிப் பிடிக்கும் நூல்களும் பெண்ணை அடக்கி வைக்கச் சொல்லும் நூல்களும் நூலகங்களில் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அவற்றையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் கருத்துகளை மறுத்து எழுத நினைப்பவருக்கு மூல நூல் கையில் வேண்டும். சிறுவர் பிரிவுக்கு வயது பார்த்து நூல் தேர்ந்தெடுப்பதையும், செல்லரித்த பிரதிகளைக் கழிப்பதையும் நான் தணிக்கை என்று சொல்லவில்லை. தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று பெற்றோர் முடிவு செய்யட்டும், அது அவர்கள் உரிமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை நூலகத்தின் விதியாகவே 1931இல் எழுதியவர் அவர். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். புகார் சொல்பவரும் கட்டுகிறார், அந்தப் புத்தகத்தைத் தேடி வருபவரும் கட்டுகிறார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். நூலை முழுதும் படித்தவர், எந்தப் பக்கம், என்ன குறை என்று பெயரிட்டு எழுத வேண்டும். விசாரணை முடியும்வரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும். முடிவை அந்தக் கிளை நூலகர் தலையில் கட்டாமல் மாவட்ட அளவில், வாசகர் வட்டத்தினரையும் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். எடுத்த முடிவைக் காரணத்தோடு நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி வேண்டும். கூட்டம் கூடி மிரட்டினால் நூலகர் யாரை அழைப்பது என்பதற்கு ஒரு தொலைபேசி எண் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கட்டும். யார் எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்தார் என்ற பதிவேட்டை, சட்டப்படியான ஆணை இல்லாமல் வெளியார் எவருக்கும் காட்டக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்