மாப்ள, மைனஸ் இருபத விட பூஜ்யம் தான் பயம்

மாப்ள,

நல்லாருக்கியா? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு, தங்கச்சியும் மருமவனும் சொகமா? உன் வாய்ஸ் நோட்டு வந்து மூணு நாளாச்சு, அத நாலு தடவை கேட்டேன், பேசி பதில் அனுப்பலாம்னு பாத்தா சொல்ல நெறைய இருக்கு, அதான் உக்காந்து எழுதுறேன். சுகர் 260னு கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், நீயும் உடனே புதுசு வாங்கி மூணு வாரம் அம்பை வரைக்கும் போயிட்டு வந்த, அது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. அப்புறம் ஐப்பசி மழை புடிச்சதும் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிட்டேன்னு சொன்ன பாரு, அத கேட்டதும் தான் எழுதணும்னு தோணிச்சு. "நீ எப்படில மைனஸ் இருபதுல ஓட்டுத, ஒனக்கு பயமே கெடையாதா"ன்னு கேட்டிருந்த. பயம் இருக்கு மாப்ள. ஆனா நீ நெனைக்கிற எடத்துல இல்ல.

இன்னைக்கு காலைல இங்க பின்லாந்துல, எங்க ஔலு ஊர்ல மைனஸ் 19. எனக்கு வீடு ஆத்துக்கு தெக்க, ஆபீஸ் வடக்க லின்னன்மா பக்கம், ஒரு பக்கம் 8 கிலோமீட்டர். இந்த மாதிரி நாள்ல பனி நல்லா காஞ்சு கெட்டியா கெடக்கும், சக்கரம் ஏறுனா மைதா மாவ விரலால அமுக்குனா வருமே ஒரு சத்தம், கருக் கருக்குன்னு, வழி நெடுக அதே தான். மொத மூச்ச உள்ள இழுக்கும்போதே மூக்கு முடி ஒறைஞ்சு ஒட்டும். கண்ணு இமைல வெள்ளையா பொடி படியும். ஆனா ரோடு புடிக்கும் மாப்ள, அது தான் விசயம், நல்ல குளிர்ல பனிக்கட்டி அவ்வளவா வழுக்காது.

வழுக்குறது பூஜ்யத்துல தான். ஐஸ் மேல மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் நிக்கும், அது தான் ஆள கவுக்குறது, குளிர் ஏற ஏற அந்தப் படலம் கொறஞ்சு போயிரும். ஒரு வருசம் நவம்பர் ரெண்டாவது வாரம் ராத்திரி மழை பேஞ்சு விடியக்காலைல ஒறைஞ்சிருந்துச்சு. பாத்தா வெறும் ஈரத் தார் ரோடு மாதிரி கறுப்பா இருக்கு, ஐஸ்னே தெரியாது. ரயில் பாதைக்கு அடியில போற சப்வேல எறங்கி திரும்புறேன், முன் சக்கரம் போனது எனக்கு தெரியவே இல்ல, தரைல கெடக்கேன், சைக்கிள் மட்டும் தனியா சறுக்கிட்டு போயி செவுத்துல முட்டி நிக்குது. எழும்பலாம்னு கைய ஊனுனா கையும் வழுக்குது. மணிக்கட்டு வீங்கி மூணு வாரம் பட்டை போட்டிருந்தேன், வீட்டுல இவ கிட்ட ரெண்டு நாள் சொல்லல, அப்புறம் சப்பாத்தி மாவு பெசையச் சொன்னப்ப தெரிஞ்சு போச்சு. பின்லாந்துக்காரங்க இந்த மாதிரி நாளுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, பாக்கல்லோகேலி. பாக்கல்லோன்னா மண்டை ஓடு, கேலின்னா ரோட்டு நெலமை. மண்டை ஓடு உடையுற நாளுன்னு அர்த்தம் எடுத்துக்கோ. நடந்து போறவங்களுக்கே அன்னைக்கு ரேடியோல எச்சரிக்கை சொல்லுவாங்க.

அன்னைக்கு நான் பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணு தான், ஸ்டட் டயர் மாத்தாம இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு இருந்தது. ஸ்டட் டயர்னா டயர் ரப்பர்ல குட்டி குட்டியா ஆணி பதிச்சிருக்கும், டங்ஸ்டன் கார்பைடுல செஞ்சது, என் டயர்ல ஒவ்வொண்ணுலயும் 240 ஆணி. புதுசு வாங்குனா மொத 50 கிலோமீட்டர் தார் ரோட்டுல மெதுவா ஓட்டணும், சடார்னு பிரேக் அடிக்கக்கூடாது, அப்ப தான் ஆணி ரப்பர்ல நல்லா உக்காரும். பனி இல்லாத தார்ல போனா கடுகு பொரியுற மாதிரி சடசடன்னு ஒரு சத்தம். எனக்கு அந்த சத்தம் இப்ப ரொம்ப புடிக்கும், அது கேக்குற வரைக்கும் தரை நம்ம கைல இருக்கு. பெடல் கனமா இருக்கும், வேகம் கொறையும், அது பரவால்ல. இப்ப ஒவ்வொரு வருசமும் அக்டோபர் கடைசி ஞாயிறுல மாத்திருதேன், வெயில் அடிச்சாலும் சரி.

கீழ் வீட்ல ஒரு பாட்டி இருக்காங்க, எழுபத்தஞ்சு வயசாவது இருக்கும், இந்தப் பனில சைக்கிள்ல தான் கடைக்கு போறாங்க, முன்னாடி கூடைல பால் பாக்கெட்டும் கருப்பு ரொட்டியும். ரொம்ப வழுக்குற நாள்ல மட்டும் பொட்குரிய எடுப்பாங்க, அது நீளமான ரெண்டு இரும்புச் சட்டம் மேல ஒரு நாற்காலி வச்ச வண்டி, பின்னாடி ஒரு கால் வச்சு நின்னுக்கிட்டு மறு கால்ல உந்தி உந்தி போறது. நான் வுழுந்தத கேட்டு அவங்க எனக்கு சொன்னது இது தான்: ஐஸ்ல ஏறிட்டா ஒண்ணும் செய்யாத. பிரேக் புடிக்காத, திருப்பாத, பெடல கூட விட்டுரு, நேரா போகவிடு, தாண்டுனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம். சீட்ட ரெண்டு வெரல் எறக்கி வையி, கால் உடனே தரைல படணும். பிரேக் புடிச்சே ஆகணும்னா பின்னாடி மட்டும். இந்த ஊர்ல எனக்கு சைக்கிள் சொல்லிக்குடுத்தது அவங்க தான்னு நெனைச்சுக்குவேன், மொதத் தடவை நமக்கு கொரங்கு பெடல் சொல்லிக்குடுத்தாரே உங்க தாத்தா, அப்படி.

துணி பத்தி கேட்டிருந்த, நீ நெனைக்கிற மாதிரி மூட்டை மாதிரி போட்டுக்கிட்டு போகமாட்டோம். வாசல விட்டு எறங்குறப்ப கொஞ்சம் குளிரணும், அது தான் கணக்கு. அஞ்சு நிமிசத்துல ஒடம்பு சூடாயிரும். எறங்குறப்பவே கதகதன்னு இருந்தா பாதி வழில வேர்த்துரும், வேர்த்த துணியோட சிக்னல்ல ஒரு நிமிசம் நின்னாலே முதுகுல ஐஸ் வச்ச மாதிரி ஆயிரும். ஒடம்போட ஒட்டி மெல்லிசா கம்பளி, அது மேல ஒரு சட்டை, அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட், அவ்வளவு தான். காட்டன் பனியன் மட்டும் ஆகவே ஆகாது, ஈரம் குடிச்சா காயாது. கை தான் ரொம்ப கஷ்டம், எந்த கிளவுஸ் போட்டாலும் விரல் நுனி செத்துப் போகும். கடைசில ஹேண்டில்பார்லயே மாட்டுற பெரிய உறை வாங்குனேன், கைய அதுக்குள்ள விட்டுக்கிட்டா போதும், மெல்லிசு கிளவுஸ்லயே மைனஸ் 25 வரைக்கும் தாங்குது.

போன ஜனவரில ஒரு நாள் மைனஸ் 27. அஞ்சு கிலோமீட்டர் நல்லாத்தான் வந்தேன், ஒரு மேட்டுல பெடல் மிதிக்கேன், கால் சும்மா சுத்துது, சக்கரம் புடிக்கல. செயின் அறுந்துச்சோன்னு குனிஞ்சு பாத்தா செயின் இருக்கு. மீதி மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே போனேன், அன்னைக்கு கால் வெரல்ல உணர்ச்சி வர மத்தியானம் ஆச்சு. அப்புறம் கடைக்காரர் கழட்டி காட்டுனார், பின் சக்கர ஃப்ரீவீல் உள்ள ஸ்பிரிங் வச்ச குட்டிப் பல்லு இருக்கும்லா, அது எழும்பி கடிச்சாதான் சக்கரம் சுத்தும், உள்ள இருந்த கிரீஸ் குளிர்ல மெழுகு மாதிரி ஆகி பல்ல அப்படியே அமுக்கி வச்சிருக்கு. கெட்டி கிரீஸ வழிச்சு எடுத்துட்டு மெல்லிசு எண்ணெய் விட்டார், அதுலேர்ந்து தொந்தரவு இல்ல. இன்னொண்ணும் சொன்னார், சைக்கிள வீட்டு சூட்டுக்குள்ள கொண்டு வராத, குளிர்ந்த இரும்புல ஈரம் கோத்துக்கும், மறுநாள் வெளில எடுத்ததும் அந்தத் தண்ணி பிரேக் வயருக்குள்ள ஒறைஞ்சுரும்னு. இப்ப சூடு இல்லாத ஷெட்லயே விட்டுருதேன். லைட்டோட பேட்டரிய மட்டும் கழட்டி சட்டைப் பைல வச்சுக்குவேன், குளிர்ல சார்ஜ் சீக்கிரம் போயிரும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனா நான் பனில ஓட்டுறதுக்கு உண்மையான காரணம் இது எதுவும் இல்ல மாப்ள. காலைல அஞ்சு அஞ்சரைக்கு எனக்கு முழிப்பு வரும், ஜன்னல்ல மஞ்ச வெளிச்சம் சுத்தி சுத்தி அடிக்கும், பாத்தா சைக்கிள் பாதைல டிராக்டர் பனி தள்ளிக்கிட்டு போகுது. கார் ரோட்ட அப்புறமா பாத்துக்கலாம்னு சைக்கிள் பாதைய மொதல்ல முடிக்காங்க சில எடத்துல. நான் வாசலுக்கு வாரதுக்குள்ள ராத்திரி வுழுந்த பனி ஓரத்துல கெடக்கும், பாதை கம்பளம் விரிச்ச மாதிரி வெள்ளையா சமமா இருக்கும், டிராக்டர் பிளேடு கோடு கோடா கீறி விட்டிருக்கும், அதுல தான் டயர் புடிக்கும். உப்பு போடமாட்டாங்க, இந்தக் குளிர்ல உப்பு வேலை செய்யாது, போட்டா சேறாகி இன்னும் மோசமாயிரும், வழுக்குற எடத்துல பொடி ஜல்லிய தூவி விடுவாங்க. அந்த ஜல்லிய ஏப்ரல்ல கூட்டி அள்ளுறப்ப ஊரே தூசியா இருக்கும், பஞ்சரும் ஆகும், அது வேற கதை. ஊரு ரெண்டு லட்சம் பேர் தான், ஆனா சைக்கிள் பாதை 900 கிலோமீட்டருக்கு மேல, பெரிய ரோடு வந்தா அடியில சப்வே வச்சு தாண்டி விட்டிருவாங்க. 2013ல உலகத்துலயே மொத குளிர்கால சைக்கிள் மாநாடு இந்த ஊர்ல தான் நடந்துச்சு. மெத்சோகங்காஸ்னு ஒரு பக்கத்துல ஸ்கூல் இருக்கு, 1200 பிள்ளைகள்ல கிட்டத்தட்ட 1000 பேர் மைனஸ் 17லயும் சைக்கிள்ல வந்து எறங்குறாங்க, ஸ்கூல் வாசல்ல சைக்கிள் வரிசை மேல பனி மூடி கெடக்குறத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒவ்வொரு சீட்டு மேலயும் ஒரு சாண் ஒசரத்துக்கு வெள்ளைத் தொப்பி. அந்தப் பிள்ளைகளுக்கு நம்ம பிள்ளைகள விட தைரியம் ஜாஸ்தியா? கெடையாது. யாரோ ஒருத்தர் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அதுகளுக்கு பாதை போட்டு வச்சிருக்கார். இத நெனைச்சா எனக்கு சில நேரம் தொண்டை அடைக்கும், நம்ம ஊர்ல மழைத்தண்ணில பள்ளம் தெரியாம ஒரு பிள்ளை வுழுந்தா "பாத்துப் போகக்கூடாதா"ன்னு பிள்ளையத்தான் ஏசுவோம்.

குளிர விட இருட்டு தான் ஆள அமுக்கும். டிசம்பர்ல சூரியன் பத்தரைக்கு எந்திரிச்சு ரெண்டு மணிக்கு போயிரும், மூணரை மணி நேரப் பகல். போறப்பவும் இருட்டு வாரப்பவும் இருட்டு. பின்னாடி சிகப்பு லைட்டு கட்டாயம்னு 2020லேர்ந்து சட்டமே இருக்கு. மொத வருசம் நான் பஸ்ல போனேன், ஜனவரிக்குள்ள மனசு ரொம்ப சோர்ந்து போச்சு, யார்கிட்டயும் பேசப் புடிக்காம இருந்தேன், உன் போனக் கூட எடுக்கல, ஞாபகம் இருக்கும். சைக்கிள்ல போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அது இல்ல. ஆத்துப் பாலத்துல ஏறுறப்ப கீழ தண்ணிலேர்ந்து ஆவி எழும்பிக்கிட்டு இருக்கும், அத பாத்துக்கிட்டே போறப்ப தாமிரவருணிப் பாலத்துல நாம டபுள்ஸ் போனது தான் ஞாபகம் வரும். கல்லிடைலேர்ந்து அம்பைக்கு, கார்த்திகை மழைல, நீ மிதிக்க நான் கேரியர்ல உக்காந்து ரெண்டு பேர் புத்தகத்தையும் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு. அன்னைக்கு நாம மழைன்னு நிக்கலல்லா.

அதனால தார்ப்பாய எடு மாப்ள. கொட்டுற மழைல போகச் சொல்லல, இடி மின்னல்ல போகவே வேண்டாம், ரோட்டுல தண்ணி ஓடுனா எறங்காத, அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆனா தூறலுக்கெல்லாம் நிப்பாட்டாத. மழை தொடங்குன மொத அரை மணி நேரம் தான் ரோடு ரொம்ப வழுக்கும், லாரி சிந்துன எண்ணெய் எல்லாம் மேல மிதக்கும், அது கழுவிப் போகட்டும். ரோட்டுல அடிச்ச வெள்ளை பெயிண்ட், இரும்பு மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் மூணுலயும் கோணலா ஏறாத, நேரா தாண்டு. ரிம்ல தண்ணி இருந்தா பிரேக் மொதல் சுத்துல புடிக்காது, நிக்கணும்னு நெனைக்கிறதுக்கு முன்னாடியே லேசா ரெண்டு தடவை அமுக்கி தண்ணிய வழிச்சு விடு. பிரேக் கட்டை தேஞ்சிருந்தா இப்பவே மாத்து. அந்த நீள ரெயின்கோட் வேண்டாம், செயின்ல மாட்டும், இடுப்பு வரைக்கும் வர்ற சட்டை மாதிரி வாங்கு. வீட்டுக்கு வந்ததும் செயின பழந்துணியால தொடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய், மறந்தா ஒரு வாரத்துல துரு ஏறும். பின்னாடி சிகப்பு லைட்டு ஒண்ணு கண்டிப்பா போடு, அம்பை ரோட்டுல பஸ்காரன் வர்ற வேகம் எனக்கு தெரியும்.

மாத்திரைய விடாத. காலைல வெறும் வயித்துல ஓட்டாத, படபடன்னு வந்தா உடனே நிப்பாட்டு, சுகர் எறங்குனா வாயில போட பைல ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்பவும் வச்சிரு. அடுத்த டெஸ்ட் எப்பன்னு சொல்லு, ரிசல்ட் வந்த அன்னைக்கே எனக்கு அனுப்பணும்.

ஞாயித்துக்கிழமை கூப்பிடுதேன், இங்க மத்தியானம் ரெண்டு மணி, உனக்கு அஞ்சரை. எனக்கு அப்ப சூரியன் எறங்கிக்கிட்டு இருக்கும், உனக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும். சைக்கிள வாசல்ல நிப்பாட்டி வை, வீடியோல பிரேக் கட்டைய கிட்டக்க காட்டு, மாத்தணுமா வேண்டாமான்னு நான் பாத்து சொல்லுதேன்.

உன் மாப்ள