டயப்பர் பெட்டிகளுக்கும் ஒரு கார் சீட்டுக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனிலும் வாட்ஸ்அப்பிலும் விசாரித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுத இன்னும் தெம்பு வரவில்லை. என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் கேட்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களிடம் நேரில் சொல்லியாகிவிட்டது. ஆனால் நம் ஆட்களுக்கும் இது தெரிய வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் இங்கே.

இங்கே கனெக்டிகட்டில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்கிற கத்தோலிக்க ஆண்கள் சபையின் கவுன்சில் (உள்ளூர்க் கிளை) ஒன்று இருக்கிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயில் ஹாலில் மீன் பொரித்து விற்கிற வயதானவர்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மீன் காசு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. கர்ப்பிணிகளுக்கு உதவுகிற மையம் ஒன்றுக்கு நான் போக வேண்டி வந்தபோதுதான் அங்கே அலமாரியில் இருந்த பாதிப் பொருள் இவர்கள் கொண்டுவந்து அடுக்கியது என்று தெரிந்தது. அது ஆஸ்பத்திரி இல்லை, அதை அவர்களே முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போக வழியும் செய்துகொடுத்தார்கள்.

இப்போது கார் சீட் விஷயம். அமெரிக்காவில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், கார் சீட் இல்லாமல் பிறந்த குழந்தையைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பழையது ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார். மையத்தில் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது அங்கே பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நைட்ஸ் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அது எப்போதாவது விபத்தில் மாட்டின சீட்டா? காலாவதித் தேதி பார்த்தியாம்மா?" என்றார். கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. அடுத்த வாரம் புதுப் பெட்டியோடு வந்து நின்றார், பிரிக்காத பெட்டி, கவுன்சில் பணத்தில் வாங்கியது. இதைப் பொருத்திக் காட்டுவதற்கென்றே பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவராம்.

சரி, மாட்டிவிட்டுப் போவார் என்று பார்த்தால் மனுஷர் தொடவே இல்லை. பார்க்கிங்கில் அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீ மாட்டு, நான் பார்க்கிறேன். வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றார். வயிற்றை வைத்துக்கொண்டு பின் சீட்டில் குனிந்து, பெல்ட்டை அதன் வழியில் நுழைத்து, கையால் அழுத்தி இறுக்கினேன். அவர் ஆட்டிப் பார்த்தார். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாதாம். அசைந்தது. கழற்று, மறுபடி மாட்டு. முகம் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், நெஞ்சுக் கிளிப் அக்குள் உயரத்துக்கு வர வேண்டும், தடித்த குளிர்கோட்டோடு குழந்தையைக் கட்டக் கூடாது, கட்டிவிட்டு மேலே போர்வை போடு. ஒரு பொம்மையை வைத்து அதையும் செய்யச் சொன்னார். கடைசியில் அசையாமல் நின்றபோது தலையை ஆட்டிவிட்டு, "இனி உனக்கு யாரும் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டார்.

அந்த மாதங்களில் என்னிடம் பேசின அத்தனை பேரும் ஏதாவது ஒன்றைக் கேட்டார்கள். குழந்தையின் அப்பா எங்கே, ஊரில் என்ன சொல்கிறார்கள், விசா என்ன ஆகும், இப்படி. இவர் கேட்டது என் கார் எந்த வருட மாடல் என்பது மட்டும்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். மையத்துப் பெண்கள், பனி கொட்டின அன்று செக்கப்புக்குக் கூட்டிப்போன அந்தத் தம்பதி, கோயிலில் கொடுத்த காலிப் பால் பாட்டில்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில்லறை நிரப்பி நன்கொடையாகத் திருப்பிக் கொண்டுவந்த குடும்பங்கள், பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் கொடுத்தனுப்பிய நம் அக்காமார். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கருக்கலைப்பை எதிர்க்கிற இந்த மாதிரி அமைப்புகளுக்குக் குழந்தை பிறக்கும் வரைதான் அக்கறை, பிறந்தபின் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது எல்லா இடத்திலும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நைட்ஸ் 2009 முதல் இந்த மையங்களுக்கு ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுக்கிறார்கள், உள்ளூர் கவுன்சில் பாதி திரட்டினால் தலைமை பாதி போடும். நல்ல காரியம்தான், ஆனால் மெஷினுக்கு விழா வைக்கலாம், ஃபாதர் மந்திரிப்பார், போட்டோ எடுக்கலாம். டயப்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய உதவிக்கென்று 2022இல் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்து, கவுன்சில் கொடுக்கிற ஒவ்வொரு 500 டாலருக்கும் தலைமை 100 டாலர் சேர்க்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வருமானம் குறைந்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு கொடுக்கிற அரசின் விக் (WIC) திட்டத்தில் குழந்தைக்குப் பால்மாவு கிடைக்கும், டயப்பர் கிடைக்காது. அந்த ஓட்டையை யாராவது ஒருவர் அடைத்தாக வேண்டும்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நியூ ஹேவனில் புனித மரியா ஆலயத்துக்குப் போயிருந்தேன். நைட்ஸ் சபையை 1882இல் தொடங்கிய பாதிரியார், அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) மைக்கேல் மெக்கிவ்னியின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. குருமாணவராக இருந்தபோதே அப்பாவை இழந்தவர், அம்மாவும் தம்பி தங்கைகளும் பட்ட பாட்டைப் பார்த்தவர். உழைக்கிற மனிதன் செத்துப்போனால் அவன் மனைவியும் பிள்ளைகளும் தெருவுக்கு வரக் கூடாது என்றுதான் ஆண்களைச் சேர்த்துக் காசு போடச் சொன்னார். 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை அருளாளராக்க ஏற்கப்பட்ட புதுமையே (அற்புதமே) கருவில் இருந்த ஒரு குழந்தை பிழைத்ததுதான். நான் பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பாப்பா பசித்து அழுதாள், வந்துவிட்டோம்.

நம் ஊர்ப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக வீடு சந்திக்கப் போவார்களே, அவர்களும் இதைச் செய்யலாம். தனியாக நிற்கிற கர்ப்பிணி வீட்டுக்கு உபதேசம் கொண்டுபோக வேண்டாம். செக்கப்புக்கு ஆட்டோக்காசு, பிரசவத்தன்று கூட இருக்க ஒரு அக்கா, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க யாராவது ஒருவர், இவை போதும்.

என் பங்குக்கு, பாப்பா கொஞ்சம் வளர்ந்ததும் கார் சீட் பொருத்தும் பயிற்சியை எடுக்கப் போகிறேன். பெரியவரிடம் சொன்னேன், "முழங்கால் வலிக்கும், யோசிச்சுக்கோ" என்றார்.

இங்கே இருக்கிறவர்கள் ஏதாவது கொடுக்க நினைத்தால் நியூபார்ன் சைஸ் டயப்பர் வேண்டாம், அதை எல்லோரும் கொடுக்கிறார்கள். 4, 5, 6 சைஸ்தான் தட்டுப்பாடு. திறந்த பாக்கெட்டையும் வாங்கிக்கொள்வார்களா என்று மட்டும் முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.