சனிக்கிழமை படம்: ‘ரெபல் விதவுட் எ காஸ்’

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, நம் குடியிருப்பு ஹாலில் பெற்றோருடன் ஒத்துப்போக முடியாமல் தவிக்கும் பதின்வயதினரைப் பற்றி 1955இல் வந்த இந்த ஹாலிவுட் படத்தைப் போடுகிறோம். 111 நிமிடம், தமிழ் சப்டைட்டில் இல்லை.

1. 5.50க்கே வந்துவிடுங்கள். போதையில் தெருவில் கிடக்கும் கதாநாயகன் ஜேம்ஸ் டீன், ஒரு பொம்மைக் குரங்குக்குக் காகிதத்தைப் போர்த்திவிடும் முதல் காட்சியைத் தவறவிடக் கூடாது. படம் வெளிவரும் முன்பே, 24 வயதில், டீன் கார் விபத்தில் இறந்துவிட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

2. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். சின்னவர்கள் வேண்டாம், கார் பந்தயச் சாவு, துப்பாக்கிச் சூடு உண்டு.

3. படம் முடிந்த அப்புறம் அரை மணி நேரம் பிள்ளைகள் பேசட்டும். குறுக்கிடாமல் கேட்போம்.

4. எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள். நாற்காலி போட வேண்டும்.