ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இனி வீட்டுப்பாடம் கிடையாது

அன்புள்ள பெற்றோருக்கும், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, அப்பத்தா, அம்மாயிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் இரண்டாம் வகுப்புத் தமிழ் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘யானை’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்லியிருந்தோம். ஒரு நோட்டில் முதல் ஆறு வரிகள் கோணல்மாணலாக, அழித்து அழித்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தன. ஏழாவது வரியில் எழுத்து திடீரென்று நேராகிவிட்டது. ‘னை’யும் மாறியிருந்தது. முன்னால் இணைக்கொம்பு இல்லை; எழுத்தோடு சேர்த்தே தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் படித்தவர்கள் எழுதும் ‘னை’ அது.

குழந்தையைக் கேட்டேன். “நான் தூங்கிட்டேன் மிஸ். அப்பத்தா எழுதுச்சு” என்றாள்.

மாலையில் அழைத்துப்போக வந்த அப்பத்தாவிடம் பேசினேன். “புள்ள தூங்கி விழுந்துட்டே எழுதுச்சுங்க. முடிக்காமப் போனா மிஸ் வைவாங்கன்னு ஒரே அழுகை. அதான் மிச்சத்த நானே எழுதிட்டனுங்க” என்றார். நம் பள்ளியில் யாரும் பிள்ளைகளை அடிப்பதில்லை, திட்டவும் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஒரு ஏழு வயதுக் குழந்தை இரவு ஒன்பதரை மணிக்கு எங்களை நினைத்து அழுதிருக்கிறது. அது என் மனதைவிட்டுப் போகவில்லை.

அதனால் வரும் திங்கட்கிழமை முதல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வேலை எதுவும் வீட்டுக்கு வராது. பயிற்சி நூலை வகுப்பிலேயே முடிக்க வைப்போம். முடிக்காத பக்கம் இருந்தால் மறுநாள் வகுப்பில் தொடர்வோம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. சிறு பிள்ளைகளின் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-லேயே தொடக்க வகுப்புகளுக்கு வழக்கமான வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பற்றிய வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையிலும் இதுவேதான் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்கிறது. ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. இவ்வளவு தெரிந்திருந்தும் நாம் தினம் இரண்டு பாடத்துக்கு எழுதக் கொடுத்துக்கொண்டிருந்தோம். “பக்கத்துப் பள்ளியில் நாலு பக்கம் எழுதுறாங்க, இங்க ஒண்ணுமே தர மாட்டேங்கறீங்க” என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டபோது, நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒத்துக்கொண்டது என் தவறு.

நம் ஊர் நிலைமையையும் பாருங்கள். திருப்பூரில் ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து நீங்கள் வீடு திரும்ப எட்டரை, ஒன்பது ஆகிறது. நாள் முழுக்க மிஷினில் குனிந்து தைத்துவிட்டு வந்து, சோறு பொங்கி, அதற்கப்புறம் பிள்ளையின் நோட்டைத் திறக்கிறீர்கள். உங்களுக்கும் பொறுமை இருக்காது, பிள்ளைக்கும் கண் சொருகும். அந்த நேரத்தில் போடும் சத்தத்தில் பிள்ளை படிப்பையே வெறுக்கப் பழகுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பெற்றோரும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களால் தமிழ் நோட்டைப் படிக்கவே முடியாது. ஆக, மறுநாள் காலையில் நாங்கள் சிவப்பு மையால் திருத்துவது பிள்ளையின் அறிவையா, வீட்டில் யாருக்கு நேரம் இருந்தது, யாருக்குத் தமிழ் தெரிந்தது என்பதையா? இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதாவிட்டால் மார்க் குறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், பல ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. சின்ன வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாக இருந்தது. தூக்கத்தின் கதை வேறு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதரைக்காவது தூங்கியிருக்க வேண்டும். அந்தத் தூக்கத்தில் கைவைத்துப் பத்து ‘யானை’ எழுதி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு கவலை எனக்கும் உண்டு. எழுத்து வேலை இல்லை என்றால் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்கு உங்கள் உதவி வேண்டும். நோட்டு எதுவும் வேண்டாம், பேச்சுத் துணை போதும். மளிகைக் கடைக்கு அனுப்பும்போது, ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு வரும் என்று கேட்டு அனுப்புங்கள். பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அப்பத்தா ஒரு கதை சொன்னால், மறுநாள் அதை வகுப்பில் சொல்ல வைக்கிறோம். தமிழ் தெரியாத பெற்றோர் தங்கள் மொழியிலேயே பேசட்டும், பாடட்டும். பிள்ளை இங்கே கற்ற பாட்டைப் பாடிக் காட்டினால் உட்கார்ந்து கேட்கட்டும். காலையில் வகுப்பின் முதல் அரை மணி நேரம் இனி பேச்சுக்குத்தான். நேற்று என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய், யார் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேட்போம். தயங்கித் தயங்கி நாலு வாக்கியம் கோர்த்துப் பேசுகிற பிள்ளை, அந்த நாலையும் ஒரு நாள் எழுதவும் செய்யும். வகுப்பறையில் பல முறை பார்த்திருக்கிறேன்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை அரை மணி நேர வேலை வரும். வாய்ப்பாடு, வாசிப்பு, கணக்கில் ஐந்தாறு. வெள்ளிக்கிழமை எதுவும் இல்லை. அரை மணிக்கு மேல் இழுத்தால் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். அந்தக் கோடு எங்கள் வேலைக்கு உதவும்: பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்வோம். தயவுசெய்து மிச்சத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள், ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே எழுதக் கொடுக்க வேண்டாம் என்று டியூஷன் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே குறைத்துவிட்டு அங்கே கூட்டினால் பிள்ளைக்கு என்ன மாற்றம்?

எல்லாருக்கும் இதில் சம்மதம் இருக்காது என்று தெரியும். நேரில் பேசலாம். சனிக்கிழமை சம்பள நாள், வர முடியாது என்பதால் வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளியில் கூட்டம் வைத்திருக்கிறோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம். இந்தி பேசும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருப்பார்.

அந்த அப்பத்தாவும் வருகிறார். பழைய ‘னை’, ‘லை’, ‘ணை’ எல்லாம் எப்படி எழுதுவது என்று இரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேத்திதான் சாக்பீஸ் எடுத்துத் தருவாளாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்