பழைய இடத்திலேயே பாதை போட வேண்டாம்: ஆற்றங்கரைச் சீரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நடைபாதைச் சீரமைப்புக் குழுவினருக்கும், எஸ்டிமேட் போடப்போகும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

வெள்ளம் வடிந்த மறுநாள் காலை பாதையைப் பார்க்கப் போனேன். வளைவு வரைக்கும் வழக்கம்போல நடக்க முடிந்தது. அங்கே மூன்று கான்கிரீட் பலகைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அடிமண் மொத்தமும் போயிருந்தது. நான்காவது பலகை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கைத்தடியால் தட்டினேன். வெறுங்குடத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது. அப்படியே பின்வாங்கிவிட்டேன். முதல் வேலையாக, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பதற்கெல்லாம் பெயின்ட் அடித்துக் கயிறு கட்டிவிடுங்கள். விரிசல் இல்லை என்பதற்காக யாரையும் ஏறவிட வேண்டாம்.

கூட்டத்தில் ‘இருந்ததை இருந்தபடியே ஆக்கிவிடுவோம்’ என்று பேசியபோது நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இருந்தபடியே ஆக்கினால், போனபடியே போகும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதல்முறை பாதைக்குக் கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று அடம்பிடித்து, வளைவில் பாதையை விளிம்புக்கு இழுத்ததில் என் பங்கு பெரிது. ஒரே ஒருவர் மட்டும் ‘வெளிவளைவில் வேண்டாம், தள்ளிப் போகலாம்’ என்றார். அந்த ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர் சொன்னதில் மர்மம் எதுவும் இல்லை. ஆறு வளையும் இடத்தில் வேகமான நீரோட்டம் வெளிக்கரையை ஒட்டி ஓடும், அங்கே அரிக்கும். உள்வளைவில் வேகம் தணிந்து மணலைப் போடும். அரிப்பு தொடங்குவது கரையின் உச்சியில் அல்ல, நம் கண்ணில் படாத அடிக்காலில், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கரையின் அடிப்பகுதியில். அது குடையப்பட்ட பிறகு மேலே எவ்வளவு கனமாகக் கான்கிரீட் போட்டாலும் சுமைதான் கூடும். இன்னொன்று: பல கரைகள் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது விழுவதில்லை, வடியும்போதுதான் விழுகின்றன. ஊறிக் கனத்த மண்ணை அதுவரை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று இறங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீரோ அவ்வளவு வேகமாக வெளியேறுவதில்லை. ஆகவே ‘மழைதான் விட்டுவிட்டதே’ என்று மறுநாளே விளிம்பில் போய் நிற்பது ஆபத்து.

உடனே ‘தடுப்புச்சுவர் கட்டிவிடலாம்’ என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடிக்காலைப் பாதுகாக்காத சுவர் அடுத்த வெள்ளத்தில் முழுசாகக் கவிழும். நீர் கசிந்து வெளியேறத் துளை வைக்காவிட்டால் பின்னாலிருந்து வரும் அழுத்தமே அதைத் தள்ளிவிடும். தாக்குப்பிடித்து நின்றாலும், சுவர் முடியும் இடத்துக்குக் கீழே அரிப்பு தொடங்கும். பாலத்தை ஒட்டிய பகுதிபோல வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்குங்கள். அவை தண்ணீரை உள்ளே தேக்காது, தரை கொஞ்சம் இறங்கினாலும் சேர்ந்து வளைந்துகொடுக்கும். மற்ற இடங்களில் சரிவைத் தணித்துச் செடி நடலாம். வெட்டிவேர் நன்றாகப் பிடித்தால் 3 மீட்டர் ஆழத்துக்கும் வேர் இறக்கும். குளிர் நாடுகளில் வில்லோக் கிளைகளை வெட்டிக் கரையில் செருகி இதே வேலையைச் செய்கிறார்கள். ஆனால் வேர் பிடிக்க ஓரிரு பருவம் ஆகும். திறப்புவிழாப் படத்தில் அது அழகாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஆற்றின்மேல் மிதக்கும் நடைபாதை ஒன்று இருந்தது. 2003-இல் திறந்தார்கள். 2011 ஜனவரி வெள்ளம் அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பெரிய துண்டு ஒன்று பாலத்தை நோக்கி மிதந்துபோக, இழுவைப் படகுக்காரர் ஒருவர் அதைத் தள்ளித் திருப்பிவிட வேண்டியிருந்தது. 2014-இல் மறுபடி பாதை வந்தது. ஆனால் மிதவை வரவில்லை. ஆற்றடியில் தூண் இறக்கி நிலையான பாதையாகக் கட்டினார்கள். அந்த அளவுக்குப் பணம் நம்மிடம் இல்லை. நமக்குள்ள மலிவான வழி, வளைவில் மட்டும் பாதையை உள்ளே தள்ளிப் போடுவது. மரங்களுக்கு நடுவே போனால் தண்ணீர் கொஞ்ச தூரம் மறையும். மறையட்டும். உள்வளைவுக்குப் போகும்போது மீண்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பழியை எல்லாம் ஆற்றின்மேல் போடவும் முடியாது. சேதத்தில் பாதியை நாமே வரவழைத்தோம் என்பது என் கணிப்பு. அழகுக்காகப் பாதையின் இரண்டு ஓரத்திலும் கட்டை கட்டினோம். மேட்டிலிருந்து வந்த மழைநீர் பாதைக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் வாய்க்கால்போல ஓடி, கட்டையில் ஓட்டை கிடைத்த இடத்தில் மொத்தமாகக் கொட்டிக் கரையைப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவுக்குள் இறங்கி நின்றேன். தரை என் இடுப்பு உயரத்தில் இருந்தது. இந்த முறை ஓரக்கட்டை வேண்டாம். பாதைக்குக் குறுக்குச்சரிவு கொடுங்கள். 2 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் என்றால் 4 செ.மீ. இறக்கம் போதும், சரளை என்றால் 8 செ.மீ. வரை வேண்டும். மேட்டு ஓரத்தில் வடிகால் வெட்டி, தண்ணீரைப் பல இடங்களில் பிரித்துக் கடத்துங்கள். குழாய் போட்டால் தாராளமான அளவில் போடுங்கள். ஒல்லிக் குழாயை அடைக்க ஒரு புயலின் இலைதழை போதும். ஓடை குறுக்கிடும் இடத்தில் தரைமட்டப் பாலமே மேல். வெள்ளத்தின்போது இரண்டு நாள் மூழ்கும், பிறகு கழுவிவிட்டு நடக்கலாம்.

மண் நிரப்பும் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். 15 செ.மீ. படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கையில் ஒட்டினால் காயவிடுங்கள். களிமண் தரையில் நேராக ஜல்லி கொட்டினால் உள்ளே புதைந்துகொண்டே போகும். நடுவில் மண்காப்புத் துணி விரித்துவிடுங்கள். அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒதுங்கிப் போக 1.8 மீட்டராவது வேண்டும்.

உழைக்கத் தயாராக நிறையப் பேர் இருக்கிறோம். குப்பை அள்ள, செடி நட, ஜல்லி பரப்ப எங்களைக் கூப்பிடுங்கள். சாய்ந்த மரங்களை அறுக்க மட்டும் பழகியவர்களைக் கொண்டுவாருங்கள். விழுந்த மரம் விறைத்த வில்போல இருக்கிறது. தண்டை அறுத்ததும், கிளம்பி நிற்கும் வேர்த்தட்டு படாரென்று குழிக்கே திரும்பும். அந்தப் பக்கம் நிற்பவர் கதி அவ்வளவுதான்.

எஸ்டிமேட்டில் பராமரிப்புக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சென்றமுறை இல்லை. பெயர்ப்பலகைக்கு இருந்தது.

டெண்டர் விடுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை கரையில் நடந்து புதிய தடத்துக்கு முளையடிக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய முளைக்குச்சிகளும் கயிறும் இன்னும் என் வீட்டில்தான் கிடக்கின்றன, கொண்டுவருகிறேன். வளைவு வரும்போது கயிற்றை அன்று ஆட்சேபித்தவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முதல் கயிறு பிடித்தவர்களில் ஒருவன்