புதிரின் விடையை விமர்சனத்தில் அச்சிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அறிவியல் புனைவுச் சாகசக் கணினி விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அவற்றில் வரும் விந்தையான ஊர்திகளைக் கண்ணுக்கு விருந்து என்று பாராட்டிய கட்டுரையாளர், புதியவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றை இயக்கும் முறையையும் படிப்படியாக எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அந்த ஊர்தி எப்படி ஓடுகிறது என்பதைத் தானே கண்டுபிடிப்பதுதான் அங்கே விளையாட்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆடுபவருக்கு மிஞ்சுவது படம் மட்டுமே.

சயான் நிறுவனம் உருவாக்கி 1993-இல் வெளிவந்த ‘மிஸ்ட்’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் உலகத்தின் நிலத்தடிச் சுரங்கங்களில் ஒரு சிறிய ஊர்தி ஓடுகிறது. சந்திப்பு ஒவ்வொன்றிலும் அது நின்றதும் ஓர் ஒலி கேட்கும். பொத்தானை அழுத்தினால் அதே ஒலியை மீண்டும் கேட்கலாம். வெளியே பார்த்தால் எல்லாச் சுரங்கமும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்வது அந்த ஒலிதான். இன்னோர் உலகத்தில் உள்ள சுழலும் கோட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள், நான்கு திசைகளுக்கும் நான்கு ஒலிகள் இருப்பதை அங்கேயே கேட்டிருப்பார்கள். வடகிழக்கு என்றால் வடக்கின் ஒலியும் கிழக்கின் ஒலியும் சேர்ந்து வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைத் தானாக உணரும் நொடியில், அதுவரை வெறும் இரைச்சலாக இருந்தது ஒரு மொழியாக மாறிவிடுகிறது. எத்தனையோ புதிர்களை அவிழ்த்த பிறகும் இதற்கு ஈடான ஒன்றை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கட்டுரையாளர் இந்தப் பாதையைத்தான் திசை திசையாக ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதே நிறுவனம் உருவாக்கி 1997-இல் வெளிவந்த ‘ரிவன்’ விளையாட்டில் தீவுகளை இணைக்கும் காந்த ரயில் இத்தனை கடினமானதல்ல. முதலில் பெட்டியைப் போகவேண்டிய பக்கம் திருப்பி, பிறகு நெம்புகோலைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐந்து குறுந்தகடுகளில் வந்த அந்த விளையாட்டில், தீவு மாறும்போது தகட்டையும் மாற்ற வேண்டியிருந்ததால், அந்தப் பயணம் தொழில்நுட்பத் தடையையும் கதைக்குள் இழுத்துக்கொண்டது என்பது தனிச்சிறப்பு.

பெனுவா சொக்கால் உருவாக்கி 2002-இல் வெளிவந்த ‘சைபீரியா’வின் ரயிலோ வேறு வகை. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையைப் போல அது சுருள்வில்லின் விசையில் ஓடுகிறது. விசை தீர்ந்ததும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் அதற்கு மீண்டும் சாவி கொடுக்க வழி தேட வேண்டும். ஓரிடத்தில் சாவி கொடுக்கும் பொறிக்குச் சற்று முன்பாகவே ரயில் நின்றுபோக, அதைப் படகைக் கொண்டு இழுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ரயிலை ஓட்டும் ஆஸ்கார் என்ற இயந்திர மனிதனோ, பயணச்சீட்டும் அனுமதித் தாளும் முறையாக இல்லாமல் வண்டியை எடுக்கவே மாட்டான். இவையெல்லாம் இடையில் செருகப்பட்ட தடைகளாகத் தோன்றாததற்குக் காரணம் அந்த ரயிலின் இயல்புதான். கதாநாயகி கேட் வாக்கர் ஊர் ஊராக இறங்க நேர்வதும், அங்குள்ள மனிதர்களைச் சந்திக்க நேர்வதும் சுருள்வில்லின் விசை தீர்ந்துபோவதால்தான். எரிபொருள் தீராத ஒரு நவீன ரயிலை அங்கே நிறுத்தியிருந்தால் கதையே நடந்திருக்காது.

2018-இல் வந்த ‘ஃபார்: லோன் செயில்ஸ்’ விளையாட்டில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. வறண்ட கடலின் தரையில் உருளும் ஒரு பெரிய வண்டியின் உலையில் எரிபொருள் போடுவதும், நீராவியை வெளியேற்றுவதும், காற்று வந்ததும் பாய்மரத்தை விரிப்பதும் ஒரு சிறுமியின் வேலைகள். 2019-இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விண்கலத்தில் தானியங்கி முறையை நம்பி இருக்கையில் சாய்ந்தால், வழியில் சூரியன் குறுக்கிட்டாலும் அது விலகிப் போகாது. அந்த விளையாட்டில் இருபத்திரண்டு நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கலத்துக்குப் புதிய இயந்திரமோ கூடுதல் வலிமையோ கடைசிவரை கிடைக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவர் கற்றுக்கொண்டது மட்டுமே அடுத்த சுற்றுக்கு உடன் வருகிறது. அப்படிப்பட்ட விளையாட்டில் விடையைச் சொல்லிக்கொடுப்பது, மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகும்.

தங்கள் நாளிதழில் குறுக்கெழுத்தின் விடைகளை மறுவாரம்தான் வெளியிடுகிறீர்கள். அந்த மரியாதையை இந்தப் புதிர்களுக்கும் தர வேண்டுகிறேன். மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவ விரும்பினால், எங்கே உற்றுக் கவனிக்க வேண்டும் என்ற அளவில் ஒரு குறிப்புப் போதும்.

ஒன்றை மட்டும் விமர்சகர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நான் மெச்சிய சுரங்கப் புதிர் காதை மட்டுமே நம்பி அமைந்தது. செவித்திறன் குறைந்தவர் எவ்வளவு கூர்மையாகச் சிந்தித்தாலும் அந்தக் குறிப்பு அவரை எட்டாது; குருட்டாம்போக்கில்தான் வழி தேட வேண்டியிருக்கும். ஒலியை மட்டும், அல்லது நிறத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட புதிர் ஒரு விளையாட்டில் இருக்கிறதா, அதற்கு மாற்று வழி தரப்பட்டிருக்கிறதா என்று விமர்சனத்தில் இரண்டு வரி சேர்த்தால், வாங்குவதா வேண்டாமா என்பதை அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்